முகவரியும் அதிகாரமும்: வீட்டுச் சர்வரை முன்வைத்து

உத்திரமேரூர் என்றதும் குடவோலையைச் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு (கி.பி. 919, 921). ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். ‘ஜனநாயகத்தின் தொட்டில்’ என்கிற பெருமிதச் சொல்லாடலில் நழுவிப்போவது, யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்கிற கேள்வி. வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி. அது பிரமதேயத்தின் சபை. உழுத குடிகளுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ‘பொது’ என்பது எப்போதுமே நிபந்தனைகளோடுதான் வந்திருக்கிறது.

இதை யோசிக்க வைத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். என் கட்டுரைகளையும், நண்பர்கள் அனுமதி தந்த சிற்றிதழ்களையும் ஸ்கேன் செய்து அதில் ஏற்றி, வீட்டிலேயே சர்வராக ஓடவிட்டேன். வீட்டுக்குள் செல்போனில் அழகாகத் திறந்தது. மதுரையிலிருந்து நண்பர் முயன்றபோது, ‘ஒண்ணுமே வரலியேப்பா’ என்றார்.

காரணம் முகவரிப் பஞ்சம். பழைய ஐ.பி. முகவரி 32 பிட் கொண்டது. மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே வீட்டுக் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். வெளியே தெரிவது ரௌட்டரின் ஒரே முகவரி. உள்ளிருந்து போகிற கோரிக்கையை ரௌட்டர் குறித்துவைத்துக்கொண்டு, பதிலை உரிய கருவியிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வருவதை, யாருக்கென்று தெரியாமல் கைவிட்டுவிடும். ‘443ஆம் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு’ என்று ரௌட்டரில் எழுதிவைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். முகவரி அடிக்கடி மாறினால், மாறாத ஒரு பெயரை அதோடு கட்டிவைக்க டைனமிக் டி.என்.எஸ். உண்டு.

எனக்கு அதுவும் பலிக்கவில்லை. ரௌட்டரின் வெளிமுகவரியே 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையிலானவை, கம்பெனிகள் தமக்குள் புழங்குவதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொதுமுகவரி. கதவின் சாவி கம்பெனியிடம். கேட்டால், ‘ஸ்டேட்டிக் ஐ.பி. இந்த பிளான்ல வராது சார்’ என்கிறார்கள்.

இதில் சதி எதுவுமில்லை, பஞ்சம் உண்மைதான். ஆனால் பஞ்சத்தில் யாருக்கு முதலில் கைவிடுகிறார்கள் என்பது அரசியல். நாம் எங்கும் போகலாம், நம்மிடம் யாரும் வர முடியாது. வாசகன் என்கிற தன்னிலை அனுமதிக்கப்படுகிறது. பதிப்பிப்பவன் என்கிற தன்னிலை மறுக்கப்படுகிறது. எழுதியதை யாரோ ஒரு பெரிய நிறுவனத்தின் திண்ணையில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது.

வழிகள் இரண்டு. 128 பிட் கொண்ட ஐ.பி. 6இல் பஞ்சமில்லை; ஒவ்வொரு கருவிக்கும் பொதுமுகவரி கிடைக்கும். ஆனால் ரௌட்டரின் ஃபயர்வாலில் வழிவிட வேண்டும், வருகிறவரிடமும் ஐ.பி. 6 இருந்தாக வேண்டும். நண்பரிடம் இல்லை. மற்றது, பொதுமுகவரி உள்ள சிறு சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு மூலம் ஒரு சுரங்கம் போடுவது. இணைப்பு உள்ளிருந்து புறப்படுவதால் கம்பெனியின் ரௌட்டர் தடுப்பதில்லை. நான் செய்தது இதைத்தான்.

வாசல் திறந்த சில நிமிடங்களிலேயே முகந்தெரியாத இயந்திரங்கள் தட்ட ஆரம்பித்துவிட்டன. எனவே தேவையான போர்ட்டை மட்டும் திறந்தேன். நிர்வகிக்க உள்ளே நுழைவதற்குப் பாஸ்வேர்டை ஒழித்துச் சாவிக்கோப்பு வைத்தேன். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழையும் போட்டேன்.

இப்போது மதுரையில் திறக்கிறது. ஆனாலும் முகவரி வாடகைக்குத்தான். பணம் கட்டாத மாதம் கதவு மூடிக்கொள்ளும். ‘சொந்த மனையில் வீடு’ என்கிற அந்தப் பழைய நிபந்தனை இன்னும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் ரௌட்டரின் வெளிமுகவரி எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். அங்கிருந்துதான் பேச ஆரம்பிக்க வேண்டும்.