அறுபது பலகைகளில் ஒரு மக்கட் பெயர்வு

ஒரு சமூகத்தின் துயரைச் சொல்லப் புகும் கலை பிரசாரமாகவே முடியும் என அஞ்சுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் முன் நான் வைக்க விரும்புவது, ஜேக்கப் லோரன்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் 1940, 1941 ஆம் ஆண்டுகளில் தீட்டிய 60 சிறு சித்திரங்களை.

முதலாம் உலகப் போர்க் காலத்திலே தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். பருத்தியை வண்டு அழித்தது. நீதிமன்றங்களில் அவர்களுக்கு நீதி இல்லை. வடக்கின் ஆலைகளிலோ ஆள் இல்லை. லோரன்ஸின் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்களே. இத்தொடரைத் தீட்டும்போது அவருக்கு வயது 23. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி நூலகத்தில் அமர்ந்து வரலாற்றைக் கற்றார். ஒவ்வொரு படத்துக்குமுரிய வாசகத்தை முதலில் எழுதிக்கொண்டார். பின்னர் பலகைகள் அனைத்தையும் ஒருங்கே பரப்பி, ஒரு வர்ணத்தை எடுத்தால் அதனை வேண்டிய பலகைகளிலெல்லாம் இட்ட பின்னரே அடுத்த வர்ணத்தைத் தொட்டார். தொடரெங்கும் ஒரே நீலமும் ஒரே மஞ்சளும் ஒரே மண்ணிறமும் ஓடுவது அதனாலேதான்.

15 ஆம் படத்தை விட்டு என் கண் அகல மறுக்கிறது. வெறிகொண்ட கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டுக் கொன்றதைச் சொல்லும் படம் அது. ஆனால் அதில் பிணம் இல்லை. இலையற்ற ஒரு கிளை. அதிலே வெறுஞ் சுருக்கு. அருகே, கூனிக் குறுகி அமர்ந்த ஓர் உருவம். அவ்வளவே. பிரசாரகனாயின் பிணத்தைக் காட்டியிருப்பான்.

வடக்கையும் அவர் சுவர்க்கமாக்கினாரில்லை. 49 ஆம் படத்து உணவகத்திலே வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரு மஞ்சட் கயிறு பிரிக்கின்றது. ஆயினும் 58 ஆம் படத்தில் மூன்று சிறுமியர் கரும்பலகையில் இலக்கம் எழுதுகின்றனர். (ஆசிரியராயுள்ள வாசகர் இப்படத்தைத் தவறவிடலாகாது.)

பின்னர் நேர்ந்ததுதான் எனக்கு உவப்பில்லை. 1942 இல் இரு காட்சியகங்கள் இத்தொடரைப் பங்கிட்டு வாங்கின: ஒற்றை எண்கள் வாஷிங்டனிலுள்ள பிலிப்ஸ் சேகரிப்புக்கு, இரட்டை எண்கள் நியூயோர்க் நவீன கலைக் காட்சியகத்துக்கு. 2015 இற் போல, இடையிடையே அறுபதும் ஒன்றுகூடியதுண்டு. மற்றப்படி, வடக்கே செல்வோர் புகையிரத நிலைய வாயில்களில் முண்டியடிக்கும் முதற் படம் வாஷிங்டனுக்கு உரியது. மேடையில் இன்னும் காத்து நிற்கும் கூட்டத்தைக் காட்டும் 60 ஆம் படமோ நியூயோர்க்குக்கு உரியது.