டீசல் எஞ்சினை நிறுத்தும் கருவி

வீரசோழன், திருச்சுழிப் பக்கத்து வறண்ட சீமையில் கிணற்றடியில் இறைக்கும் ஆயில் எஞ்சினாயினும், அருப்புக்கோட்டை நூற்பாலையில் மின்சாரம் தடைப்பட்ட மாத்திரத்தில் ஓடத் தொடங்கும் பெரிய ஜெனரேட்டராயினும், இரண்டுக்கும் பொதுவான சுபாவம் ஒன்று உண்டு. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய நாள் முதல், காற்றை நெருக்கி, அந்த உஷ்ணத்தாலேயே எண்ணெயைப் பற்றவைப்பது இந்த யந்திரத்தின் தத்துவமாதலால், அணைப்பதற்குத் தீப்பொறி என்று அதனுள் எதுவும் இல்லை. எண்ணெயை மறிக்க வேண்டும், அல்லது காற்றை மறிக்க வேண்டும்.

எண்ணெயை மறிப்பதே வழக்கம். சிறிய எஞ்சினில் கை லீவர் செய்கிற அந்த வேலையை, பெரியதில், ஆயில் பிரஷர் குறைந்தாலும் தண்ணீர் கொதித்தாலும் வேகம் மிஞ்சினாலும் தானாகச் செய்வது சாலினாய்டு என்னும் மின்காந்தம். இதில் இரு ஜாதி: ஓடுவதற்கு மின்சாரம் கேட்பது ஒன்று, நிற்பதற்குக் கேட்பது மற்றொன்று. வயர் அறுந்தால் முன்னது எஞ்சினை உடனே நிறுத்தித் தொந்தரவு தரும். பின்னதோ ஒன்றும் நேராதது போல் இருந்து, ஆபத்து வந்த அன்று கைவிடும். ஆகையால் பின்னதை மாதம் ஒருமுறையேனும் லோடு இல்லாமல் ஓட்டி, சிவப்புப் பட்டனை அழுத்திச் சோதிப்பது அவசியம். அழுத்தியும் நிற்கவில்லையென்றால், டீசல் கசிவில் புழுதி படிந்து இறுகிய இணைப்புக் கம்பியை முதலில் கழுவி, கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

காரணமின்றி அடிக்கடி நிற்கிறதென்றால், கருவியைச் சந்தேகிக்குமுன் எஞ்சினைச் சந்தேகிப்பதே முறை. ஆயில் மட்டத்தைப் பார்த்து, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு கேஜைப் பொருத்தி, அழுத்தம் சரியென்று கண்ட பிறகே வயரையும் சுவிட்சையும் தொடவேண்டும். அவசரத்துக்குச் சுவிட்சை பைபாஸ் செய்து ஓட்டுவது, பேரிங்கையும் கிராங்க்கையும் பலியிடுவதாகும்.

எண்ணெயை மறித்தும் நிற்காத சந்தர்ப்பமும் உண்டு. புழுதிக்காகவே வைத்த ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றிவிட்டால், எஞ்சின் அதையே உறிஞ்சிக் குடித்து, புகை கக்கி, வேகம் ஏறிக்கொண்டே போகும். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் வண்டி, கசிந்த எண்ணெய் ஆவியை உறிஞ்சி இவ்விதம் வெறிகொண்டது. தொடர்ந்த வெடிப்பில் 15 பேர் மாண்டனர். இத்தகைய தருணத்தில் காற்று வழியை அடைக்கும் கதவு ஒன்றே கதி. அது இல்லாத எஞ்சினில் கனத்த பலகையால் வாயை மூடலாம். கையை ஒருபோதும் வைக்கலாகாது.

ஒருமுறை மூடிய காற்றுக் கதவு பல எஞ்சின்களில் தானாகத் திறப்பதில்லை. கோளாற்றைத் தீர்த்தபின் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். எஞ்சின் கிளம்பவில்லையென்று டீசல் குழாயைக் கழற்றி ஏர் எடுக்க உட்காருமுன், அந்தக் கதவைப் பார்த்துவிடுவது நல்லது.