இன்வெர்ட்டரின் தாமதமும் கெடும் மின்னலையும்

சூரிய மின்சாரம் மலாக்காவுக்குப் புதிதன்று. ஆயர் குரோவில் 8 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2014-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. நிலையம் பெரிதாயினும், தெங்கேராவில் ஒரு வீட்டுக் கூரையாயினும், தகடுகள் தருவது நேர்மின்னோட்டமே. அதனை 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுவது இன்வெர்ட்டர் எனும் கருவி.

இந்த 50 ஹெர்ட்ஸ் அலையோடு அதன் மடங்குகளான 150, 250, 350, 550 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்தால் அலையின் வடிவம் கெடும். இவையே ஹார்மோனிக் அலைகள். இவை மின்மாற்றியைச் சூடேற்றும். நியூட்ரல் கம்பியில் சுமையைக் கூட்டும். ஆகவே, முழுத்திறனில் இயங்கும் இன்வெர்ட்டரின் மின்னோட்டத்தில் மொத்தக் கலப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது ஐ.இ.சி. 61727 தரநிலை.

இன்வெர்ட்டரில் உள்ள சில்லு மின்னோட்டத்தை இடைவிடாமல் அளந்து, பிழையைக் கண்டு, சுவிட்சுகளைத் திருத்துகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே மாதிரி வீதம். வினாடிக்கு 10,000 முறை என்று கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றுக்கு 200 புள்ளிகள்! அலையை வரைய இது தாராளம். பிறகு எங்கே சிக்கல்?

சிக்கல் தாமதத்தில் உள்ளது. அளந்து, கணக்கிட்டு, சுவிட்சு செயல்படுவதற்குள் ஏறக்குறைய ஒன்றரை மாதிரி நேரம், அதாவது 150 மைக்ரோ வினாடி கழிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு இது 3 பாகைக்கும் குறைவு. 550 ஹெர்ட்ஸ் அலைக்கோ ஏறத்தாழ 30 பாகை! ஊஞ்சலை நேரம் தவறித் தள்ளினால் என்னவாகும்? நிறுத்த நினைத்த ஆட்டம் கூடிவிடும். அதனால்தான் மாதிரி வீதம் குறைந்த இன்வெர்ட்டர் மெதுவாகத் திருத்தும்படி அமைக்கப்படுகிறது; உயர் ஹார்மோனிக்குகள் திருத்தப்படாமல் தப்பிவிடுகின்றன.

சுவிட்சின் வேகத்தைக் கூட்டலாமே எனலாம். ஆனால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சுவிட்சில் ஆற்றல் வெப்பமாக வீணாகும். இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. சுவிட்சின் வேகத்தை மாற்றாமல், அதன் ஒரு சுற்றுக்கு ஒருமுறை அளப்பதற்குப் பதிலாக இருமுறை அளந்து திருத்தினால், தாமதம் பாதியாகும்; 30 பாகை 15 ஆகும்.

இறுதியாண்டுத் திட்டத்திற்கு இன்வெர்ட்டர் செய்யும் தம்பி தங்கைகளே! ஹார்மோனிக் அளவு கூடுதலாக இருந்தால், பெரிய வடிகட்டி வாங்கக் காசு தேடுவதற்கு முன், உங்கள் சில்லு எத்தனை மைக்ரோ வினாடி தாமதிக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.