வாடகை இடமும் சொந்தப் பெயரும்

வேற்று மாநிலத்திற்குக் குடிபெயர்ந்து செல்வோருக்கு வேலைக்கு அடுத்த கவலை வீடு. மொழி பழகாத நகரில் வாடகைக்கு ஓர் இருப்பிடமோ விலைக்கு ஒரு மனையோ தேடும்போது, நம் மொழி அறிந்த தரகர் ஒருவர் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. மும்பையில் மாதுங்கா, செம்பூர், பெங்களூரில் அல்சூர், தில்லியில் கரோல்பாக் போன்ற பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய நகரங்களில் மனைத் தரகையே தொழிலாகக் கொண்ட தமிழரும் உளர். இணையத்தில் தம் தொழிலை நிலைநாட்ட விரும்பும் அவர்கள், பலரும் கூடும் பொதுத்தளத்தில் இடம் பெறுவதா, தமக்கெனத் தனித்தளம் ஒன்றை அமைத்துக்கொள்வதா? இக்கேள்வியை இன்று ஆராய்வோம்.

பொதுத்தளம் என்பது சந்தையைப் போன்றது. நம் நாட்டில் 99ஏக்கர்ஸ் 2005-ஆம் ஆண்டிலும், மேஜிக்பிரிக்ஸ் 2006-ஆம் ஆண்டிலும் தோன்றின. வீடு தேடுவோர் பலர் நேரே இத்தகைய தளங்களுக்கே செல்கின்றனர். ஆகவே, தரகர் இன்று ஒரு வீட்டின் படத்தையும் விலையையும் அங்கே பதிந்தால், இன்றே அதைப் பார்ப்பவர் இருப்பர். தேடுபொறிகளும், பல இடங்களிலிருந்து இணைப்புப் பெற்ற பழைய தளங்களை எளிதில் முன்னிறுத்துகின்றன. தளம் அமைக்கும் நுட்பம் எதையும் தரகர் கற்க வேண்டியதில்லை. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆயினும், சந்தைக்குச் சந்தையின் இயல்பு உண்டு. நம் சரக்கின் பக்கத்திலேயே பிறர் சரக்கும் பரப்பப்பட்டிருக்கும். கூடுதல் கட்டணம் செலுத்தியவரின் விளம்பரம் மேலே நிற்கும்; செலுத்தாதவரின் விளம்பரம் கீழே இறங்கும். கட்டணமும் விதிகளும் சந்தைக்கு உரியவரின் விருப்பப்படி மாறும். இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. அங்கே வீடு கண்டவர் பின்னர் நண்பரிடம் சொல்லும்போது, பெரும்பாலும் தளத்தின் பெயரைச் சொல்வாரே அன்றித் தரகரின் பெயரைச் சொல்வதில்லை. தரகர் உழைக்கிறார், நற்பெயர் சந்தைக்குச் சேர்கிறது.

தனித்தளத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் அங்கு வருவோர் மிகச் சிலரே. தேடுபொறிகள் அதை மதிக்கத் தொடங்கப் பல மாதங்கள் ஆகலாம். பராமரிப்பும் பாதுகாப்பும் உரியவரின் பொறுப்பே. ஆனால், அங்கே எழுதும் ஒவ்வொரு பக்கமும், பிறர் தரும் ஒவ்வோர் இணைப்பும் தரகரின் சொந்தப் பெயருக்கே வலுவூட்டுகின்றன. ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிய பயனுள்ள குறிப்பு ஒன்று இன்றும் ஒரு புதிய வாடிக்கையாளரை அழைத்து வரக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைத் தெளிவாக உணர வேண்டும். இணையத்தில் பெயர் வேறு, இடம் வேறு. பெயர் என்பது மக்கள் தட்டச்சிட்டுத் தேடி வரும் முகவரி. இடம் என்பது எழுத்தும் படமும் சேமிக்கப்பட்டிருக்கும் கணினி. முகவரியைக் கேட்டவுடன் அதற்குரிய கணினியைக் காட்டும் ஏற்பாடு இணையத்தில் உண்டு. ஆதலால், பெயர் நம்முடையதாயின், ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் பொருளை மாற்றிக்கொள்ளலாம். வருவோருக்கு வழி மாறாது. குடியிருந்த வீடு மாறினும் தொலைபேசி எண் மாறாதிருப்பதைப் போன்றது இது. வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற சேவைகளின் இடத்தில் இருந்துகொண்டே சொந்த முகவரியைப் பயன்படுத்தவும் வழி உண்டு. எனவே, இடம் வாடகையாக இருப்பதில் பெருங்கேடு இல்லை. பெயரும் வாடகையாக இருப்பதுதான் கேடு.

இதற்குச் சான்று வரலாற்றிலேயே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டில் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் சேவை, மக்கள் தத்தம் பக்கங்களை அமைத்துக்கொள்ள இலவசமாக இடம் தந்தது. 1999-இல் அதை யாஹூ நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில், ஜப்பான் நீங்கலாக, அச்சேவை மூடப்பட்டது. பக்கங்களோடு முகவரிகளும் போயின. பிரதி வைத்திருந்தவர் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டனர். ஆனால், பழைய முகவரியை அறிந்து வந்தவர்களுக்கு வழிகாட்ட அவர்களில் பலராலும் இயலவில்லை. பத்தாண்டு தேடிய வாடிக்கையை ஒரு தரகர் இவ்வாறு இழப்பின், அது பொழுதுபோக்கின் இழப்பன்று; பிழைப்பின் இழப்பு.

சரி, சொந்தத் தளத்தில் எதை எழுதுவது? வெறும் விலைப்பட்டியலுக்குச் சந்தையே போதும். அங்கே கிடைக்காததை இங்கே தர வேண்டும். மகாராஷ்டிரத்தில் வாடகைக்கு வருவோர் பலருக்கு, 1999-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியிருப்பு ஒப்பந்தத்தை எழுத்தில் வரைந்து பதிவு செய்தல் வேண்டும் என்பது தெரியாது. கட்டிடத்தின் மொத்தப் பரப்பு எது, சுவருக்குள் நாம் புழங்கும் பரப்பு எது என்னும் வேறுபாடும் பலருக்கு விளங்குவதில்லை. குடிநீர் எத்தனை மணி நேரம் வரும், குடியிருப்போர் சங்கத்திற்கு மாதந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும், பள்ளி எவ்வளவு தொலைவு என்பவற்றை அவ்வட்டாரத் தரகரே அறிவார். இவற்றை நல்ல தமிழில் எழுதி வைப்பவரை, ஊரிலிருந்து புறப்படும் முன்னரே ஒரு குடும்பம் நம்பத் தொடங்கிவிடும்.

எங்கே விளம்பரம் செய்யினும் சட்டம் ஒன்றே. 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, பதிவு பெற்ற குடியிருப்புத் திட்டங்களில் விற்பனைக்குத் துணை நிற்கும் தரகர், மாநில ஆணையத்தில் தாமும் பதிவு பெறல் வேண்டும். தாம் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிடல் வேண்டும். பதிவின்றி நடப்பின், நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் தண்டம் விதிக்கலாம். பொதுத்தளத்தில் கணக்கு வைத்திருப்பது இப்பதிவுக்கு ஈடாகாது. சொந்தத் தளத்தின் முகப்பிலேயே அவ்வெண்ணைப் பொறித்து வைப்பவர், வாங்குவோர் தம்மைச் சரிபார்த்துக்கொள்ளத் தாமே வழி திறந்து வைக்கிறார்.

ஆகவே, இரண்டில் ஒன்றை அறவே தள்ள வேண்டியதில்லை. விற்க வேண்டிய வீட்டைச் சந்தையில் காட்டுக. அறிவையும் அனுபவத்தையும் சொந்த முகவரியில் சேர்த்து வைக்க. அம்முகவரியைத் தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் அன்றித் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். அது ஒரு தவணைக்கு உரியதே. உரிய காலத்தில் புதுப்பிக்காவிடின் பிறர் எடுத்துக்கொள்ளக்கூடும். எழுதியவற்றிற்கெல்லாம் பிரதி ஒன்று தம்மிடம் இருத்தல் வேண்டும். வாடகை வீட்டில் வாழ்வோர் படும் பாட்டையும், பத்திரம் தம் பெயரில் இருப்பதன் அருமையையும் பிறருக்கு நாள்தோறும் எடுத்துரைப்பவர் தரகர். அவ்வறிவுரை தம் தொழிலுக்கும் பொருந்தும் என்பதை அவர் மறத்தலாகாது.