உடைந்த எண் பூட்டு

2, 3, 7, 14 என்னும் எண்களைப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது. இவற்றை எடைக்கற்கள் என்று வைத்துக்கொள்வோம். தராசில் வைத்த கற்களின் மொத்த எடை 23 என்று மட்டும் சொன்னால் போதும். எவை அந்தக் கற்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பெரியதிலிருந்து தொடங்குங்கள். 14 அடங்கும், மீதி 9. 7 அடங்கும், மீதி 2. 3 அடங்காது. 2 அடங்கும். வேறு விடையே இல்லை.

இந்த எளிமையை மறைத்து, 1978இல் ஒரு பூட்டையே செய்தார்கள் அமெரிக்கர்களான ரால்ஃப் மெர்க்கலும் மார்ட்டின் ஹெல்மனும். ஒவ்வோர் எண்ணையும் 10ஆல் பெருக்கி, 31ஆல் வகுத்து, மீதியை மட்டும் எடுங்கள்: 20, 30, 8, 16. (தமிழ்ப்பள்ளியில் நான் படித்த 'மீதி', இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'பாக்கி' ஆயிற்று. கடைக்குப் போய் வந்தால் அம்மா கேட்பதும் அதே பாக்கிதான்!) பழைய ஒழுங்கு மறைந்துவிட்டது. இந்தப் புதிய வரிசையை ஊரறியச் சொல்லலாம். 10, 31 இரண்டும் உங்களிடமே இருக்கட்டும்.

நண்பர் உங்களுக்கு 'ஓ' என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். அது 11ஆம் உயிரெழுத்து. இரும எண்முறையில் 11 என்பது 1011. ஊரறிந்த வரிசையில் 1 விழும் இடங்களை அவர் கூட்டுகிறார்: 20+8+16=44. நீங்கள் 44ஐ 28ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் மீதி 23. ஏன் 28? 10ஐ 28ஆல் பெருக்கினால் 280. அதை 31ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 10 போட்ட முடிச்சை 28 அவிழ்க்கிறது. 23க்குரிய கற்களை மேலேயே கண்டோம்: 2, 7, 14. மீண்டும் 1011, மீண்டும் 'ஓ'. வரிசையில் எட்டு எண்கள் இருந்தால் 256 குறிகள் கிடைக்கும்; நம் 247 எழுத்துகளும் அடங்கிவிடும்.

நான்கு எண்களுக்கு 16 வாய்ப்புகளே. யாரும் முயன்று பார்த்துவிடலாம். நூறு எண்கள் என்றால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 31 இலக்கத்துக்குப் போகும். அப்படியிருந்தும் 1982இல் அடி ஷமிர் பூட்டை உடைத்தார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். திருடனுக்கு உங்கள் 10, 31 தேவையே இல்லை. ஊரறிந்த வரிசையை மீண்டும் ஏதேனும் ஓர் எளிய வரிசையாக்கும் எண்கள் கிடைத்தால் போதும். அவற்றை விரைவாகத் தேடும் வழியை அவர் காட்டினார். எந்த வரிசையானாலும் பிரிப்பது கடினம் என்று பூட்டு நம்பியது. ஆனால் இது எந்த வரிசையும் அல்லவே, வேடமிட்ட எளிய வரிசை!

மெர்க்கல் பந்தயம் கட்டிய 100 டாலர் ஷமிருக்குப் போனது. பலமுறை பெருக்கி மறைத்தால் உடையாது என்று அவர் 1,000 டாலரும் கட்டினார். 1984இல் எர்னஸ்ட் பிரிக்கல், நாற்பது முறை மறைத்ததைக்கூட கிரே கணினியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்து, அதையும் வாங்கிக்கொண்டார்.