மோட்டார் வண்டிக் கண்ணாடியும் காப்பீடும்: அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன

பலரிடமிருந்து சிறு தொகைகளைத் திரட்டி, அவர்களுள் எவருக்கேனும் நேரும் பெரு நஷ்டத்தை ஈடு செய்வதே காப்பீட்டின் அடிப்படைத் தத்துவமாகும். பலர் கூடித் தாங்கினால் ஒருவர் வீழமாட்டார் என்ற இக்கருத்து கூட்டுறவாளருக்குப் புதியதன்று. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய 1904-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரம் அறிந்த கருத்தே அது. எனினும், காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பத்திரத்தினுள் எழுதியிருப்பது என்ன என்பது வண்டிக்குச் சேதம் வந்த பின்னரே தெரியவருகிறது.

வண்டியின் உறுப்புகளுள் எளிதில் உடைவது கண்ணாடி. அது உடைந்தால் காப்பீடு பணம் தருமா, எவ்வளவு தரும், தனியாகக் கூடுதல் தொகை கட்டிப் பாதுகாப்புப் பெறுவது அவசியமா, கோரிக்கை செய்வதால் வேறு நஷ்டம் உண்டா என்ற வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் கண்ணாடி உடையும் வகைகள்

காஞ்சிபுரத்திலிருந்து பட்டுச் சேலைகளை ஏற்றிக்கொண்டு தியாகராய நகர்க் கடைகளுக்கு வரும் வண்டிகளும், காய்கறி, கீரை, பூ முதலியவற்றை மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் கொண்டுவரும் வண்டிகளும் ஒரே வகையான ஆபத்துகளுக்கு உட்பட்டவை. முன்னே செல்லும் லாரியிலிருந்து தெறிக்கும் ஜல்லி முன் கண்ணாடியில் பட்டு விரிசல் உண்டாகலாம். தென்னை மரத்தடியில் நிறுத்திய வண்டியின் மீது தேங்காய் விழலாம். கடைத் தெருவில் நிறுத்திய காரின் பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளிருக்கும் பொருளை எவரேனும் எடுத்துச் செல்லலாம்.

இவற்றினும் பெரிது இயற்கையின் சீற்றம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையை அடுத்துக் கரை கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டிகள் பல அவற்றின் கீழ் நசுங்கின. அதற்கு முந்திய 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளமும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயலோடு வந்த வெள்ளமும், வண்டி வைத்திருப்போர் காப்பீட்டைப் பற்றி நினைத்துப் பார்க்கும்படி செய்தன.

எந்தப் பத்திரத்தில் கண்ணாடி அடங்கும்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இன்றி எவரும் பொது இடத்தில் வண்டி ஓட்டலாகாது என்கிறது. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கே அது பொறுப்பேற்கும். நம் வண்டியின் கண்ணாடி உடைந்தால் அப்பத்திரத்தின் பேரில் ஒரு ரூபாயும் கிடைக்காது. குறைந்த பிரீமியத்தை நாடி மூன்றாம் நபர் பத்திரம் மட்டும் வாங்கியோர் இதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

நம் வண்டிக்கு நேரும் சேதத்தை ஈடு செய்வது சொந்தச் சேதப் பகுதி. இதை எடுப்பதும் விடுப்பதும் உரிமையாளரின் விருப்பம். இரண்டும் சேர்ந்த பத்திரத்தை முழுக் காப்பீடு என்று வழங்குகிறோம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், சொந்தச் சேதப் பகுதியைத் தனியாகவும், வேறு நிறுவனத்திடமும் வாங்க வழி ஏற்பட்டுள்ளது. விபத்து, தீ, திருட்டு, கலவரம், பிறர் வேண்டுமென்றே செய்யும் கேடு, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியன இப்பகுதியில் அடங்கும். வண்டியின் கண்ணாடிகளும் வண்டியின் உறுப்புகளே ஆதலின், அவற்றுக்கெனத் தனிப் பத்திரம் வாங்காமலே அவை இதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் உடைந்த கண்ணாடியின் வழியே திருடுபோன சேலைக்கட்டுக்கோ பணத்துக்கோ மோட்டார் பத்திரம் பொறுப்பன்று.

தேய்மானம் இல்லாத உறுப்பு

2002-ஆம் ஆண்டின் மோட்டார் தாரிஃப் வகுத்த வாசகங்களே பெரும்பாலான பத்திரங்களில் இன்றும் காணப்படுகின்றன. அதன்படி, பழைய உறுப்புக்குப் பதிலாகப் புதிய உறுப்பு பொருத்தும்போது, தேய்மானத்துக்கென ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே நிறுவனம் பணம் தரும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் உறுப்புகளுக்கும், டயர், டியூப், பாட்டரி ஆகியவற்றுக்கும் கழிவு 50 சதவீதம். ஃபைபர் கண்ணாடி உறுப்புகளுக்கு 30 சதவீதம். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதுக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை. முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் கழிவில்லை. கண்ணாடியால் ஆன உறுப்புகளுக்கோ, வண்டி எவ்வளவு பழையதாயினும், தேய்மானக் கழிவு கிடையாது.

எனவே, "பம்பர் டு பம்பர்" என்று மக்கள் வழங்கும் தேய்மானமில்லாக் கூடுதல் பாதுகாப்பைக் கண்ணாடிக்காகவே வாங்குவது வீண் செலவு. பம்பர் போன்ற பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு அது பயன்படும். தற்காலக் கார்களின் முன் விளக்குகள் கண்ணாடிபோல் தோன்றினும் அவற்றின் மேல்மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. அவற்றுக்கு 50 சதவீதக் கழிவு உண்டு. முன் கண்ணாடியைச் சுற்றிப் பதிக்கும் ரப்பர் பட்டைக்கும் அவ்வாறே.

இதற்கு மேல் ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை ஒன்று உண்டு. 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் கார்களுக்கு ரூ. 1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 2,000. பிரீமியம் குறையும் என்று விரும்பிக் கூடுதல் தொகையை ஏற்க ஒப்பியவர்கள் அதையும் சேர்த்தே இழப்பர். ரூ. 5,000 விரும்பி ஏற்ற சிறிய கார் உரிமையாளருக்கு, கண்ணாடியின் செலவு ரூ. 6,000-க்கு உட்பட்டதாயின் ஒன்றுமே கிடைக்காது.

போனஸ் கணக்கு

கண்ணாடிக் கோரிக்கையின் பெருஞ்செலவு இனி வருவதே. ஓராண்டு முழுவதும் கோரிக்கை எதுவும் செய்யாதவருக்கு, அடுத்த ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. இதையே நோ கிளெய்ம் போனஸ் என்பர். தொடர்ந்து கோரிக்கையின்றி இருந்தால் அது 25, 35, 45, 50 சதவீதம் என உயரும். ஒரு கோரிக்கை செய்தால், அது ஒரு பக்கக் கண்ணாடிக்கேயானாலும், போனஸ் முழுவதும் போய்விடும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். தள்ளுபடிக்கு முந்திய சொந்தச் சேதப் பிரீமியம் ரூ. 10,000 என்றும், அது ஆண்டுதோறும் மாறாதது என்றும், புதுக் கண்ணாடி பொருத்தும் செலவு ரூ. 8,000 என்றும், கட்டாயத் தொகை ரூ. 1,000 என்றும் கொள்வோம். கோரிக்கை செய்தால் கைக்கு வருவது ரூ. 7,000.

50 சதவீத போனஸ் பெற்றுவரும் ஒருவர் கோரிக்கை செய்தால், அடுத்த ஆண்டு தள்ளுபடியின்றி ரூ. 5,000 அதிகம் கட்டுவார். அதற்கடுத்த ஆண்டுகளில், மீண்டும் படிப்படியாக ஏறும் வரை, ரூ. 3,000, ரூ. 2,500, ரூ. 1,500, ரூ. 500 அதிகம் கட்டுவார். ஆக மொத்தம் ரூ. 12,500. ஏழாயிரம் பெறுவதற்காகப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பது என்ன கணக்கு? இவர் கைப்பணத்தில் கண்ணாடி போட்டுக்கொள்வதே நலம். கண்ணாடியின் செலவு ரூ. 13,500-ஐத் தாண்டினால்தான் இவருக்குக் கோரிக்கை பயன் தரும்.

புது வண்டி வாங்கி முதல் ஆண்டிலேயே கண்ணாடி உடையப் பெற்றவரின் நிலை வேறு. அவர் இழக்கும் தள்ளுபடிகள் அடுத்தடுத்த ஐந்து ஆண்டுகளில் 20, 5, 10, 10, 5 சதவீதம், மொத்தம் ரூ. 5,000. அவர் கோரிக்கை செய்தால் ரூ. 2,000 மிச்சமாகும். ஒரே சேதத்துக்கு இருவருக்கும் விடை வேறுபடுவதைக் காண்க. வண்டி பழையதாக ஆகப் பிரீமியம் குறையுமாதலின் உண்மைத் தொகைகள் மாறுபடும். ஆயினும் கணக்கிடும் முறை இதுவே. இத்தொகைகள் சிறு தொகைகள் அல்ல. நெசவாளர் குடும்பமொன்று பல நாட்கள் தறியில் உழைத்து ஈட்டுபவை.

அதே ஆண்டில் வேறு சேதத்துக்கு ஏற்கெனவே கோரிக்கை செய்தவர் தயங்க வேண்டியதில்லை. போனஸ் இரு முறை போவதில்லை. மரம் விழுந்து கூரையும் கண்ணாடியும் சேர்ந்து சேதமானால் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில் அடக்குவது நலம்.

கூடுதல் பாதுகாப்புகள்

அமெரிக்காவில் ஃபுளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா ஆகிய மாநிலங்களில், முழுக் காப்பீடு உள்ளவரின் முன் கண்ணாடிக்கு உரிமையாளர் தம் பங்கு எதுவும் ஏற்க வேண்டியதில்லை என்று சட்டமே விதித்துள்ளது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. 2009-ஆம் ஆண்டு முதல் இந்திய நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்தின் பேரில் பலவகைப் பாதுகாப்புகளை வழங்கி வருகின்றன. கண்ணாடியைப் பொறுத்தவரை கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, கோரிக்கை செய்தும் போனஸ் போகாதபடி காப்பது. மற்றொன்று, கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளைப் பழுது பார்ப்பதற்கான கோரிக்கை போனஸைப் பாதிக்காதபடி செய்வது. இதைச் சில நிறுவனங்களே தருகின்றன. இரண்டாவதை வாங்குமுன், அது பழுது பார்ப்பதற்கு மட்டுமா, புதிதாகப் பொருத்துவதற்கும் சேர்த்தா, ஆண்டுக்கு எத்தனை முறை என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும். போனஸ் 45 அல்லது 50 சதவீதத்தை எட்டியவருக்கே இவை பெரிதும் பயன்படும்.

சரக்கு வண்டியும் சொந்தக் காரும்

சங்கத்தின் சரக்கு வண்டிப் பத்திரத்தில், விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பம்பர், பெயிண்ட் முதலியவற்றுக்குத் தனியே நேரும் சேதம் விலக்கப்பட்டிருப்பது வழக்கம். கூடுதல் பிரீமியம் கட்டினால் "ஐ.எம்.டி. 23" என்ற குறிப்பின் பேரில் அவையும் அடங்கும். முன் கண்ணாடி அவ்விலக்குப் பட்டியலில் இல்லை. ஆனால் முன் விளக்கு இருக்கிறது. நிர்வாகிகள் இதைப் பத்திரத்தில் சரிபார்க்க வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒரு விஷயத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சொந்தக் கார் பத்திரம், வாடகைக்கு ஓட்டுவதையும், மாதிரிப் பொருளும் சொந்த மூட்டையும் நீங்கலாகச் சரக்கு ஏற்றுவதையும் அனுமதிப்பதில்லை. விற்பனைக்கான சேலைக்கட்டுகளையோ காய்கறிக் கூடைகளையோ ஏற்றிச் செல்லும்போது கண்ணாடி உடைந்தால், கோரிக்கை மறுக்கப்பட இடமுண்டு. அவ்வாறு சரக்கு ஏற்றுவோர், தகுந்த வகைப் பதிவும் பத்திரமும் பெற்ற வண்டியைப் பயன்படுத்துவதே முறை.

உடைந்தபின் செய்ய வேண்டுவன

முன் கண்ணாடி, இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டதாதலின், கல் பட்டால் சிதறாமல் விரிசல் மட்டும் காணும். சிறு புள்ளியளவு சேதமாயின் பிசின் ஊற்றி நிரப்பிவிடலாம். அதற்குப் பெரும்பாலும் கோரிக்கையே தேவைப்படாது. விரிசல் ஓட்டுநரின் பார்வைக்கு எதிரே இருந்தாலும் நீண்டிருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் நீளும்.

கோரிக்கை செய்வதென்று முடிவு செய்தால், உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பார்வைக்கு முன் கண்ணாடியை மாற்றலாகாது. திருட்டோ வேண்டுமென்றே செய்த கேடோ ஆயின், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோ முதல் தகவல் அறிக்கையோ பெற வேண்டும். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், பத்திரம், ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். புதுக் கண்ணாடியில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. முன் கண்ணாடியில் காமிரா பொருத்திய கார்களில், அதை மீண்டும் சரிசெய்யும் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுக.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி அளிக்காவிடினும், தனிநபர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையில் அவர் அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ளது.

பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளை ஒத்திப் போடலாகாது. காலாவதியான நாளிலிருந்து 90 நாட்கள் கடந்தால், கோரிக்கை செய்யாமலே சேர்த்த போனஸும் போய்விடும். ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பத்திரத்தை எடுத்து, சொந்தச் சேதப் பகுதி உண்டா, தாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைப்பாராக. எழுதப் படிக்க இடர்ப்படும் அங்கத்தினருக்குச் சங்கத்தின் காரியதரிசி இப்பணியில் துணை நிற்பது, கூட்டுறவு நெறிக்கு ஏற்ற தொண்டாகும்.