செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவும் பொதுக்கலைக்கான நிதியாதாரமும்

முன்னுரை

பூங்காவில் ஒரு கலைப்படைப்பைக் காண்போர், அதனைப் படைத்தவர் யார் என வினவுவதுண்டு. அதற்குப் பொருள் கொடுத்தவர் யார் என வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு படைப்பு எவ்விடத்தில் அமையும், எத்தனை காலம் நிலைக்கும் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பது நிதியே ஆகும். சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள செம்பவாங்கை முன்வைத்து இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பவாங்கின் சூழல்

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயரால் அமைந்த ஊர்ப்பெயர். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய தமிழர், மலையாளிகள் பலர் குடும்பத்துடன் வாழ்ந்த வட்டாரம் இது. இங்குள்ள வெந்நீரூற்று 1909இல் கண்டறியப்பட்டது. 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்நீரைப் போத்தல்களில் அடைத்து விற்றது. தேசியப் பூங்காக் கழகம் அவ்விடத்தை 2.2 ஹெக்டர் பரப்புள்ள பூங்காவாக்கி 2020 ஜனவரியில் திறந்தது. ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் வெளிவரும் நீர், படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறி, கால் நனைக்கத்தக்க 40 பாகை அளவை அடைகிறது. இயற்கையின் இயக்கத்தையே காட்சியாக்கும் இவ்வமைப்பு, சுற்றுச்சூழல் பொதுக்கலைக்கு மிக நெருக்கமானது எனலாம்.

கொடைவழி நிதி

பொதுக்கலைக்கான முதல் வழி கொடை. கரையோரப் பூந்தோட்டங்களில் மிதப்பதுபோல் தோன்றும் ஏழு டன் எடையுள்ள ‘பிளானட்’ என்னும் வெண்கலக் குழந்தைச் சிற்பம், 2013இல் கொடையாக வந்ததே. இத்தகைய கொடைக்கு வரிச்சலுகை உண்டு. 2016 முதல் கழிவு வீதம் 250 விழுக்காடாகும். அதாவது, ஒரு நிறுவனம் 1,00,000 வெள்ளி மதிப்புள்ள படைப்பை அளித்தால், வரிக்குரிய வருமானத்தில் 2,50,000 வெள்ளி கழிக்கப்படும். நிறுவன வரி 17 விழுக்காடு என்பதால், போதிய வருமானமுள்ள கொடையாளருக்கு 42,500 வெள்ளி வரி குறைகிறது. எனவே கொடையின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று மிகுதியானது பொதுப்பணமே. அப்படைப்பு எங்கே அமைய வேண்டும் என்று கேட்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

அரசு அமைப்புகளின் நிதி

தேசியக் கலைகள் மன்றம் 2014இல் 10 மில்லியன் வெள்ளித் தொடக்க நிதியுடன் பொதுக்கலை அறநிதியை நிறுவியது. லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்களுட் பல, சிங்கப்பூர் பயணத்துறைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் 2015 முதல் இணைந்து நடத்திய ‘ஆர்ட்வாக்’ திட்டத்தில் உருவானவை. பயணத்துறைப் பணம் பயணிகள் கூடும் தெருக்களை நாடுவதும், கொடையாளர் பலர் காணும் இடத்தை விரும்புவதும் இயல்பே. குடியிருப்பு வட்டாரமாகிய செம்பவாங் இவ்விரண்டுக்கும் எளிதில் எட்டுவதில்லை.

கட்டுமானத்துடன் இணைந்த நிதி

இக்குறையை நீக்கவல்லது மூன்றாவது வழி. பொதுக் கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் முறையை ஃபிலடெல்ஃபியா நகரம் 1959இல் சட்டமாக்கியது. இங்குப் பீஷான் - அங் மோ கியோ பூங்கா வேறொரு முறையைக் காட்டுகிறது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் 2009 முதல் 2012 வரை, 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக மாற்றின. உடைத்தெடுத்த பலகைகள் குப்பைக்குச் செல்லவில்லை. அவற்றைக் கொண்டே ஒரு குன்று எழுப்பப்பட்டு, அதன்மேல் கலைப்படைப்பு அமைக்கப்பட்டது. கழிவே கலைக்கு மூலப்பொருளாயிற்று.

பராமரிப்பு

வெண்கலச் சிற்பம் பல ஆண்டுகள் தாங்கும். நீரும் செடியும் கலந்த படைப்போ, கவனிப்பாரின்றிச் சில மாதங்களிலேயே பாசி படிந்து பொலிவிழக்கும். கொடையாளர் பெயர்ப்பலகை திறப்புவிழாவுக்கு உரியது. தொட்டியைத் துலக்கும் கூலியோ ஆண்டுதோறும் வேண்டுவது. எனவே உருவாக்கச் செலவை மட்டும் திரட்டிவிட்டு ஒரு படைப்பை நிறுவுதல் பொருந்தாது.

முடிவுரை

செம்பவாங் போன்ற வட்டாரங்களில் சுற்றுச்சூழல் பொதுக்கலை வளர வேண்டுமாயின், பூங்காவின் வரைபடம் தீட்டப்படும்போதே கலைக்கான பங்கும் பராமரிப்புக்கான பங்கும் ஒதுக்கப்பெறுதல் வேண்டும். கொடை அதற்குத் துணையாகலாம், அடித்தளமாகாது. அவ்வாறு அமையாவிடில், கலை என்பது நகர மையத்துக்கே உரிய உடைமையாகிவிடும்.